பத்து நிமிடத்தில் 22 கேள்விகள்

கடிதத்தின் சுருக்கம்: வாசகிக்கு வயது 38. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு முதுகலை கவுன்சலிங் படிப்பில் சேர்ந்து, இப்போது இரண்டாம் பருவத்தில் இருக்கிறார். கோட்பாட்டுத் தேர்வில் 78 மதிப்பெண். ஆனால் திறன் மதிப்பீட்டில் ‘இன்னும் தகுதி பெறவில்லை’ என்று முடிவு வந்துவிட்டது. மூன்று பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் சக மாணவி ஒருவர் தன் சொந்தப் பிரச்சினையைப் பேச, இவர் 40 நிமிடம் கவுன்சலராக இருந்து பதிவு செய்திருக்கிறார். அதில் பத்து நிமிடத்தை எழுத்தாக்கி, 2,500 சொற்களில் அலசி எழுத வேண்டும். மதிப்பிட்டவரின் குறிப்பு மூன்றே வரி: கேள்விகள் அதிகம், தீர்வுக்குத் தாவுகிறீர்கள், கோட்பாடு பின்னால் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. மறுபடி சமர்ப்பிக்க ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

வாசகி கேட்பது இவை. பேசி முடித்ததும் அந்த மாணவி அழுதார், மனசு லேசானது என்று நன்றி சொன்னார்; இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ரோஜர்ஸ் வழி (பேசுபவரை மையமாக வைத்துக் கேட்டுப் புரிந்துகொள்ளும் கார்ல் ரோஜர்ஸின் முறை) என்று எழுதியதற்குப் பதில் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் அலசி மாற்ற உதவும் சிகிச்சை) என்று எழுதியிருந்தால் கேள்விகள் குற்றமாகியிருக்காதே? நெருங்கிய தோழி ஒருவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு புதிதாகப் பதிவு செய்யலாமா, அதை ஏதாவது செயலியில் போட்டு எழுத்தாக்கலாமா? மேல்முறையீடு செய்ய வழி உண்டா? கடைசியாக, ‘இந்தத் துறைக்கு நான் லாயக்கில்லையோ?’

பதில்:

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது இன்றே செய்ய வேண்டிய காரியம்.

முதலில் அந்தப் பதினான்காம் வரி

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த எழுத்துவடிவில் பதினான்காவது பரிமாற்றம் ஏறக்குறைய இப்படி இருக்கிறது. விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஏனென்றால் அந்தச் சொற்கள் உங்கள் சக மாணவியுடையவை, வகுப்புக்கு வெளியே இருக்கும் எனக்கு அனுப்ப அவரிடம் சம்மதம் வாங்கியதாகக் கடிதத்தில் இல்லை. என்னிடம் வந்த பிரதியை அழித்துவிட்டேன். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.

அவர்: “அம்மா போனதுக்கு அப்புறம் வீட்டுக்குப் போகவே பிடிக்கல. போனா எல்லாம் அப்படியே இருக்கு. சில நாள் ராத்திரி, நானும் இல்லாமப் போயிட்டா என்னன்னு தோணும்.”
நீங்கள்: “வீட்டுல வேற யார் யார் இருக்காங்க? அக்காகிட்ட பேசிப் பார்த்தீங்களா?”
அவர்: “அக்காவா... ம். பேசலாம்.”
நீங்கள்: “வெரி குட். இன்னைக்கே பேசிப் பாருங்க.”

உங்கள் 2,500 சொல் அலசலில் இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ‘ஆதரவு வலையமைப்பைக் கண்டறிந்தேன்’ என்று மட்டும் ஒரு குறிப்பு இருக்கிறது.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு இறந்தவரோடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற ஏக்கம் வருவது உண்டு. அது எப்போதுமே தற்கொலை எண்ணம் அல்ல. ஆனால் இது எந்த வகை என்று கேட்காமல் தெரிந்துகொள்ள வழியே இல்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயத்தில் பயிற்சியில் இருப்பவர்கள் பலரும் இந்த இடத்தில் நழுவுகிறார்கள். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் காட்டவில்லை. தற்கொலையைப் பற்றி நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைக் கூட்டுவதில்லை என்பதுதான் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்த பதில்தான் வரும். “தப்பா எதுவும் யோசிக்கலையே?” என்பது மிக மோசமான வடிவம். ‘இல்லை’ என்ற பதிலைக் கேள்வியே அவர் கையில் கொடுத்துவிடுகிறது.

பதிவு நடந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். ஆகவே இன்று இரண்டு வேலை. ஒன்று, உங்கள் சூப்பர்வைசருக்கோ பாடப்பிரிவுப் பொறுப்பாளருக்கோ போன் செய்து நடந்ததைச் சொல்லுங்கள். மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். இரண்டு, அந்த மாணவியோடு பேசுங்கள். வார்த்தை தடுமாறினால் இப்படித் தொடங்கலாம்: “அன்னைக்கு நீங்க ராத்திரியில தோணுறதா ஒண்ணு சொன்னீங்க. நான் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி அக்காவைப் பத்திப் பேசிட்டேன். அதைப் பத்தி இப்பக் கேக்கணும். உயிரை விட்டுடணும்னு எண்ணம் வருதா?” ஆம் என்றால், எவ்வளவு அடிக்கடி வருகிறது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, இதுவரை எது தடுத்து நிறுத்தியது, இப்போது கூட யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். திட்டமும் வழியும் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் அவரைத் தனியே விடாமல், அவசர உதவிக்கு அழைத்துவிட்டு, அதன் பிறகு சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். அப்படி உடனடி ஆபத்து இல்லையென்றாலும், ஆபத்தின் அளவை நீங்கள் தனியாக முடிவு செய்யக் கூடாது. அந்தப் பொறுப்பு உங்கள் படிநிலைக்கு உரியதல்ல.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பதிவின் தொடக்கத்தில் ‘இங்கே பேசுறது எதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எந்தப் பயிற்சி கவுன்சலரும் அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. மதிப்பிடுபவர் கேட்கப்போகிறார் என்பதே அதற்கு முதல் விதிவிலக்கு. அந்த மாணவியிடம் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள்: “அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இதை நம்ம சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன், என்ன சொல்றேன்னும் உங்களுக்குச் சொல்லிடறேன்.” அவர் வேண்டாம் என்றாலும் சொல்லத்தான் வேண்டும், அவருக்குத் தெரியாமல் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். ‘அப்படி எதுவும் செய்ய மாட்டேன்’ என்று அவரிடம் சத்தியம் வாங்கி நிம்மதி அடையாதீர்கள். அப்படிப்பட்ட வாக்குறுதிகள் உயிரைக் காக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சூப்பர்வைசரோ மனநல மருத்துவரோ அவரோடு உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதுவார்கள்: எண்ணம் கிளம்பும்போது தெரியும் அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, போய் உட்காரக்கூடிய இடங்களும் மனிதர்களும், உதவி கேட்க வேண்டியவர்கள், தொழில்முறை உதவி, ஆபத்தான பொருளை அப்புறப்படுத்துதல் என்ற வரிசையில்.

அழுதார், நன்றி சொன்னார் என்ற உங்கள் சான்றை இப்போது இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழுகை, துக்கம் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். நன்றியில் பாதி, ஒரே வகுப்பில் நாளையும் முகம் பார்க்க வேண்டியவர்களின் மரியாதை.

ஆசிரியரின் கேள்வி

எழுத்துவடிவில் உங்கள் பேச்சு 31 இடங்களில் வருகிறது. 22 கேள்விகள், 5 அறிவுரைகள், 2 ‘ம், சொல்லுங்க’, மீதி 2 மட்டுமே அவர் சொன்னதை அவருக்குத் திருப்பிக் காட்டும் பிரதிபலிப்பு. ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறையில் உரையாடலை மதிப்பிட ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு என்றால் பரவாயில்லை, இரண்டு என்றால் நன்று. உங்களுடையது தலைகீழாக, ஒரு பிரதிபலிப்புக்குப் பதினொரு கேள்வி.

எண்ணிக்கை அறிகுறிதான். சிக்கல் கேள்வியின் வகையில் இருக்கிறது. வகுப்பறைப் பேச்சை 1970களில் ஆராய்ந்தவர்கள் அதில் ஒரு மூன்றடுக்கு வடிவம் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார்கள்: ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் அதற்கு ஒரு தீர்ப்புச் சொல்வார். மேலே இருக்கும் நான்கு வரிகளைத் திரும்பப் படியுங்கள். அந்த ‘வெரி குட்’ தற்செயல் அல்ல. பத்து நிமிடத்தில் ‘சரி’, ‘நல்லது’, ‘வெரி குட்’ என்று ஒன்பது முறை வருகிறது. பன்னிரண்டு வருடப் பழக்கம் அது. அதைக் கேட்கும் கிளையன்ட், அதாவது கவுன்சலரிடம் பேச வந்தவர், சரியான விடையைத் தேடத் தொடங்கிவிடுவார். ‘பேசலாம்’ அப்படித் தேடிக் கொடுத்த விடை.

இன்னொன்று, ‘அக்காகிட்ட பேசிப் பார்த்தீங்களா’ என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை. அதனால்தான் மதிப்பிட்டவர் கேள்விகளையும் தாவலையும் அடுத்தடுத்துச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே குறைதான்.

சிபிடி என்று எழுதியிருந்தால் தப்பித்திருக்க முடியாது. சிபிடிக்கு அடித்தளம் போட்ட ஆரன் பெக் வழியில் கேள்விக்குப் பெரிய இடம் உண்டு, உண்மை. ஆனால் அங்கே கேள்வி வரும் முறை வேறு. கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வி; கிளையன்ட் ஏற்கெனவே கவனிக்காத தகவலை நோக்கிப் போகும் கேள்வி; நாலைந்து கேள்விக்கு ஒருமுறை நிறுத்தி, இதுவரை கேட்டதைத் தொகுத்துச் சொல்லி, இதிலிருந்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அவர் கையில் கொடுக்கும் கேள்வி. உங்கள் 22இல் அந்த வகையில் ஒன்றுகூட இல்லை. மேலும் சிபிடி என்றால் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று தொடக்கத்திலேயே இருவரும் சேர்ந்து வகுத்துக்கொள்வது, முடிவில் கருத்துக் கேட்பது எல்லாம் பதிவில் தெரிய வேண்டும். பெயரை மாற்றினால் ஓட்டைகள் கூடியிருக்கும்.

கோட்பாடு எந்த இடத்தில் வர வேண்டும்

‘பின்னால் ஒட்டவைத்தது’ என்ற வரிதான் உங்களை அதிகம் காயப்படுத்தியிருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. 78 மதிப்பெண் வாங்கியவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் தேர்வில் கேட்டது கோட்பாட்டை விளக்கும்படி. இங்கே கேட்டது ஒரு வரியைக் கோட்பாட்டால் விளக்கும்படி.

உங்கள் அலசலில் ரோஜர்ஸின் மூன்று அடிப்படை நிலைகளை ஒரு பக்கம் விளக்கிவிட்டு, ‘இவற்றை நான் கடைப்பிடித்தேன்’ என்று முடித்திருக்கிறீர்கள். ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் நிலைகள் மூன்றல்ல, ஆறு. இருவருக்கும் இடையே உளத்தொடர்பு இருக்க வேண்டும், கிளையன்ட் தனக்குள் முரண்பட்டு, தவித்த நிலையில் இருக்க வேண்டும், கவுன்சலர் அந்த உறவில் போலித்தனமின்றி இருக்க வேண்டும், நிபந்தனையற்ற ஏற்பு, புரிந்துணர்வு, ஆறாவதாக, அந்த ஏற்பும் புரிதலும் கொஞ்சமாவது கிளையன்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பாடக்குறிப்புகள் நடுவில் உள்ள மூன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகின்றன. உங்களுக்குத் தேவை அந்த ஆறாவது. நான் புரிந்துகொண்டேன் என்று நீங்கள் சொல்வது சான்றாகாது. கிளையன்டின் அடுத்த வரிதான் சான்று. அவர் பேச்சு நீண்டதா, ஆழமானதா, ‘இல்ல, அப்படி இல்ல’ என்று உங்களைத் திருத்தும் தைரியம் வந்ததா? அல்லது ‘அக்காவா... ம். பேசலாம்’ என்று சுருங்கியதா? இதை மட்டும் வரி வரியாகக் காட்டியிருந்தால் கோட்பாடு தானாக உள்ளே வந்திருக்கும்.

நிபந்தனையற்ற ஏற்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு ‘வெரி குட்’ என்று சொல்வது, ஏற்புக்கு நிபந்தனை வைப்பதுதான். நல்ல விடைக்குப் பாராட்டு என்றால் மற்ற விடைக்கு என்ன? உங்கள் அலசலில் எழுத ஒரு முழுப் பத்தி இதில் இருக்கிறது.

அடுத்து, அவர் ‘மறுப்பு நிலையில்’ இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து நிலைகள், சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்து வந்தவை. பிரிவால் வாடுபவர்களுக்கு அதைப் பொருத்தியது பிற்பாடு. எல்லோரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும் படிக்கட்டாக அதைப் பயன்படுத்துவதைப் பேராசிரியர்கள் இன்று ஏற்க மாட்டார்கள். இந்த மாணவி அம்மா இறந்ததை மறுக்கவில்லை. வீட்டுக்குப் போவதைத் தவிர்க்கிறார். ஸ்ட்ரோபே, ஷூட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் வைத்த இரட்டைச் செயல்முறை மாதிரி இதற்கு எவ்வளவோ பொருந்தும். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையை மறுபடி அமைக்கும் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார். கொஞ்ச நேரம் இழப்பை விட்டு விலகி இருப்பதும் அந்தப் போக்கில் இயல்பானது. ஒரு பக்கத்திலேயே சிக்கிக்கொண்டால்தான் கவலை. இப்படிப் பார்த்தால் உங்கள் பங்கு என்ன என்பதும் மாறுகிறது. அவரை அக்காவிடம் அனுப்புவதற்கு முன், அந்த வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கிறது என்று அவரோடு ஒரு நிமிடம் நிற்பது.

எந்தக் கோட்பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என் பதில்: இந்தச் சமர்ப்பிப்பு முடியும்வரை ஒன்றோடு இருங்கள். எல்லாச் சிகிச்சை முறைகளும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன, ஆகவே கோட்பாடு முக்கியமில்லை என்று நீங்கள் எழுதியது பாதிதான் சரி. உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் 1936லேயே அந்தச் சந்தேகத்தை எழுப்பினார். பின்வந்த பல ஒப்பீடுகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டவை, தான் செய்வது என்ன, ஏன் என்று தெரிந்தவர்கள் ஒழுங்காகச் செய்த சிகிச்சைகள். எதையும் பின்பற்றாமல் கைக்கு வந்ததைச் சொல்வது அந்தப் பந்தயத்திலேயே இல்லை. தவிர, குறிப்பிட்ட பொருளைக் கண்டு அஞ்சுவது, எண்ணச் சுழல் நோய் (ஓசிடி) போன்றவற்றில் பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் முறைக்குத் தனி ஆதாரம் இருக்கிறது. ‘பல முறைகளைக் கலந்து பயன்படுத்துகிறேன்’ என்ற வரியை இறுதி ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதை, எந்த இடத்தில், என்ன காரணத்துக்காகக் கலந்தீர்கள் என்று சொல்ல முடியாதவரை அது வெறும் தப்பிப்பு.

மறு பதிவுக்கு

தோழியோடு முன்கூட்டியே பேசி வைத்துப் பதிவு செய்யாதீர்கள். நேர்மைப் பிரச்சினை ஒரு பக்கம். கண்டுபிடிக்கப்பட்டால் ஆறு வார அவகாசம் போய் ஒழுங்கு நடவடிக்கை வரும். இன்னொரு பக்கம், அது காதிலேயே தெரிந்துவிடும். நிஜமாகப் பேசுபவர் பாதி வாக்கியத்தில் நின்று, திருத்தி, சம்பந்தமில்லாத ஒன்றுக்குப் போய்த் திரும்புவார். ஒத்திகை பார்த்தவர் முழு வாக்கியங்களில், உங்கள் பிரதிபலிப்புக்குத் தோதாகப் பேசுவார். எழுதி வைக்காமல் பேசினாலும் நெருங்கிய தோழி வேண்டாம். அவர் எதைச் சொல்வார், எதை உங்களிடம் சொல்லவே மாட்டார் என்பதை நட்பு ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. பயிற்சிக் குழுவிலேயே வேறொருவரைக் கேளுங்கள், அல்லது துறை ஏற்பாடு செய்யும் பயிற்சிக் கிளையன்டைக் கேட்டுப் பெறுங்கள். இழப்பு பற்றிப் பேசிய அதே மாணவியை மறுபடி உட்கார வைக்க வேண்டாம். அவருக்கு இப்போது தேவை உண்மையான உதவி, உங்கள் மதிப்பெண் அல்ல.

தொடக்கத்தில் சொல்ல வேண்டியது நான்கு வாக்கியம்: “இது பதிவாகுது, நானும் சூப்பர்வைசரும் மதிப்பிடறவரும் மட்டும் கேட்போம், மதிப்பீடு முடிஞ்சதும் அழிச்சிடுவேன். நீங்க சொல்றது எங்களுக்குள்ளயே இருக்கும். உங்க உயிருக்கோ இன்னொருத்தருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், முடிஞ்சவரை உங்ககிட்ட சொல்லிட்டுத்தான். எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம்.” இதற்கு எழுத்து வடிவச் சம்மதமும் வேண்டும். கேட்டுத் தலையாட்டினால் போதாது.

செயலியில் போட்டு எழுத்தாக்குவது பற்றி: குரல் பதிவு பல செயலிகளில் வெளியார் கணினிக்குப் போகிறது. கிளையன்ட் சம்மதித்தது அதற்கல்ல. துறை அனுமதித்த மென்பொருள் இருந்தால், அதைச் சம்மதப் படிவத்திலும் எழுதிவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கையால் எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சலிப்பாகவும் இருக்கும். ஆனால் செயலிகள் பெரும்பாலும் தின்றுவிடும் விஷயங்கள்தான் உங்களுக்கு மதிப்பெண் தருபவை: ‘ம்’, பெருமூச்சு, நடுவில் சிரிப்பு, நான்கு நொடி மௌனம், நீங்கள் குறுக்கிட்ட இடம். மௌனங்களை நொடிக் கணக்கோடு குறியுங்கள். அமர்வைப் பதிவு செய்து வார்த்தைக்கு வார்த்தை எழுதிப் படிக்கும் வழக்கத்தைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர்களில் ரோஜர்ஸ் முன்னோடி. 1942இல் வந்த நூலில் ஒரே கிளையன்டின் எட்டு அமர்வுகளை முழுதாக அச்சிட்டார். கேட்டது என்ன, கேட்டதாக நினைத்தது என்ன என்ற வித்தியாசம் தாளில் வந்தால்தான் தெரியும்.

எழுதியபின் அதை ஓர் அட்டவணையில் ஐந்து பத்திகளாகப் பிரியுங்கள்: அவர் சொன்னது, நான் சொன்னது, அது என்ன வகை, அந்த நொடியில் எனக்குள் ஓடியது, இப்போது என்றால் என்ன சொல்வேன். நான்காம் பத்திதான் கடினம். 1960களில் உளவியலாளர் நார்மன் ககான் உருவாக்கிய முறை இதற்கு உதவும். பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே, உள்ளே ஏதாவது நெருடும் இடத்தில் நீங்களே நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களை விமர்சிக்க மாட்டார், அறிவுரையும் சொல்ல மாட்டார். ‘அப்ப மனசுல என்ன ஓடிச்சு? உடம்புல என்ன தெரிஞ்சது? சொல்ல நினைச்சு சொல்லாம விட்டது என்ன?’ என்று மட்டும் கேட்பார். பதினான்காம் வரியில் நிறுத்தினால் அநேகமாக ‘பயம்’ என்ற சொல் வரும். ‘ஆதரவு வலையமைப்பைக் கண்டறிந்தேன்’ என்பதைவிட ‘பயந்துபோய்ப் பேச்சை மாற்றினேன், அவர் சுருங்கினார்’ என்பது மேலான அலசல். மதிப்பிடுபவர்கள் தேடுவது குறையில்லாத பத்து நிமிடத்தை அல்ல. குறையை நீங்களே கண்டு, அது அவரிடம் என்ன செய்தது என்று காட்டி, முடிந்தால் அதே அமர்வில் திரும்பி வந்து சரிசெய்த இடத்தையே தேடுகிறார்கள். ஆகவே பதிவில் இருந்து நன்றாக வந்த பத்து நிமிடத்தை எடுக்காதீர்கள். ஏதோ ஒன்று திரும்பிய பத்து நிமிடத்தை எடுங்கள்.

பயிற்சிக்கு, முதல் இரண்டு வாரம் குழுவில் பத்துப் பத்து நிமிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பேசிப் பாருங்கள். கை கட்டப்பட்டதுபோல் இருக்கும். அப்போதுதான் உங்கள் கேள்விகள் எவ்வளவு, உங்கள் பதற்றத்தைத் தணிக்க வந்தவை என்று தெரியும். மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு பிரதிபலிப்புக்கு ஒரு கேள்வி. இங்கே வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன வாக்கியத்தையே கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொன்னால் நாலு தடவையில் எரிச்சலாகிவிடுவார். கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்ந்தால் பிரதிபலிப்பு கேள்வியாகிவிடும்: ‘வீட்டுக்குள்ள போறதே தாங்க முடியல’ என்று குரலை இறக்கிச் சொல்வது வேறு, ‘தாங்க முடியலையா?’ என்று ஏற்றிக் கேட்பது வேறு. எல்லா உணர்ச்சிக்கும் ‘கஷ்டமா இருக்கு’ என்ற ஒரே சொல்லைப் போடாதீர்கள்; ஏமாற்றமா, குற்றவுணர்வா, வெறுமையா, கோபமா, அவமானமா என்று பிரித்துக் கேட்கக் காது பழக வேண்டும்.

பதினான்காம் வரிக்கு அட்டவணையின் ஐந்தாம் பத்தியில் என்ன எழுதலாம் என்று ஒரு மாதிரி. “அம்மா இல்லாத வீட்டுக்குள்ள நுழையறதே தாங்க முடியல. சில ராத்திரி, நாமும் இல்லாமப் போயிட்டா தேவலைன்னு வந்துடுது.” இங்கே நிறுத்துங்கள். அவர் எதுவும் சொல்லாவிட்டாலும் நான்கைந்து நொடி பொறுங்கள். பிறகு, “இல்லாமப் போறதுன்னு சொன்னீங்களே, உயிரை விட்டுடற எண்ணமா?” ஒரு பிரதிபலிப்பு, ஒரு மௌனம், ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை உங்களுக்குத் தெரியாது.

லாயக்கா, மேல்முறையீடா?

வயதையும் பழைய வேலையையும் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் திறன் மதிப்பீட்டில் விழுபவர்களில் பேச்சுத்திறன் உள்ளவர்களே நிறைய. பேசத் தெரிந்ததுதான் அவர்களுக்குத் தடை. லாயக்கில்லை என்று சொல்ல வேறு அடையாளங்கள் வேண்டும்: கருத்தைக் கேட்டும் மூன்றாவது பதிவிலும் அதே வடிவம் மாறாமல் இருப்பது, கிளையன்டின் பாதுகாப்பை விடத் தன் மதிப்பெண்ணை முன்னே வைப்பது, சூப்பர்வைசரிடம் மறைப்பது. இதில் மூன்றாவது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. இன்று அந்தப் போனைச் செய்யும்போது ‘இதையும் சேர்த்து என்னை மதிப்பிடுவார்களோ’ என்று தோன்றும். மதிப்பிடுவார்கள். தானாக வந்து சொன்னவர் என்றும் சேர்த்துத்தான்.

மேல்முறையீடு உங்கள் உரிமை. ஆனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது நடைமுறைப் பிழைக்குத்தான்: அறிவித்த அளவுகோலை விட்டு வேறொன்றால் மதிப்பிட்டது, இரண்டாம் மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காதது, நீங்கள் முன்பே தெரிவித்த உடல்நிலைக் காரணத்தைக் கணக்கில் எடுக்காதது போன்றவை. ‘அவர் சொன்ன கருத்து எனக்குச் சரியாகப் படவில்லை’ என்பது பொதுவாகச் செல்லாது. நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பது அந்த வகை. முதலில் மதிப்பிட்டவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். மதிப்பீட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தெந்த அளவுகோலில் குறைந்தேன், எந்த வரியைக் கேட்டு அப்படி முடிவு செய்தீர்கள், மறு சமர்ப்பிப்புக்குப் புதிய பதிவா அதே பதிவில் புதிய அலசலா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஆறு வாரத்தை வீணாக்குபவர்கள் உண்டு.

அதற்குப் பிறகும் நடைமுறைப் பிழை இருப்பதாகத் தெரிந்தால் மனு போடுங்கள். கால அவகாசம் முடிவு வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறதா, உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்தா என்று விதியைப் பாருங்கள். மதிப்பிட்டவரோடு பேசிக்கொண்டிருக்கும் நாட்களும் அந்தக் கணக்கில் ஓடக்கூடும். மனுவோடு எழுத்துவடிவை இணைக்க வேண்டி வந்தால், அதைப் படிக்கப்போகும் குழு உங்கள் சக மாணவியின் சம்மதப் படிவத்தில் இல்லாத ஆட்கள். அவரிடம் புதிதாகக் கேளுங்கள். அவர் மறுத்தால் உங்கள் வரிகளை மட்டும் வைத்து மனுவை எழுதுங்கள்.